இஸ்திரி போட்ட பட்டாசு

விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கு எந்த நெடிக்கும் தும்மல் வராது என்பார்கள். சுகிர்தாவுக்கும் தும்மல் வராது. ஆனால் சிரிப்பு வரும், அதுவும் வரக்கூடாத இடம் பார்த்து வரும். தன் கல்யாணத்தில் மணிகண்டராஜ் தாலியைக் கையில் எடுத்த நேரம் நாதஸ்வரக்காரருக்கு இருமல் வந்துவிட, மணமேடையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவள் அவள். மாமியார் இருபது வருடமாக அதைச் சொல்லிக் காட்டுகிறார். சுகிர்தா அதற்கும் சிரிக்கிறாள்.

தினமும் காலையில் சிவகாசி பஸ் ஏறி, வழியில் ஒரு கல்லூரியில் இறங்கிப் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறாள். தற்காலிக விரிவுரையாளர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு ஒன்பது வருடம் என்று பொருள் இருப்பது கல்லூரிகளில் மட்டும்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் 'இந்த வருடம் உண்டா, இல்லையா' என்று துறைத்தலைவர் ராஜபாண்டியனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் முகமோ எப்போதும் தலைவலிக்காரரின் முகம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கடைசி ஆண்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு புராஜெக்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்வழி என்பதால் தமிழில்தான். அதன் முதல் பக்கத்தில், 'இது இம்மாணவரின் சொந்த ஆய்வு, வேறெங்கிருந்தும் எடுக்கப்பட்டதன்று எனச் சான்றளிக்கிறேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கைடு கையெழுத்துப் போட வேண்டும். கூரியர்காரர் நீட்டும் தாளில் போடுவதுபோல ஒன்பது வருடமாகச் சுகிர்தா போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளை உத்தமி என்று நான் சொல்ல வரவில்லை. வரிசையாக எட்டுப் புராஜெக்ட், எட்டுக் கையெழுத்து, ஒரு டீ. அவ்வளவுதான் அவளுடைய ஆய்வு நெறியாள்கை.

இந்த வருடம் வினை ரயில்வே கேட்டில் வந்தது. வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் வீடு திரும்பும்போது கேட்டைப் போட்டுவிட்டார்கள். சரக்கு ரயில் வந்து, பாதி போய், அப்படியே நின்றுகொண்டது. போனில் சார்ஜ் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெடிக்கடை விளம்பரம், அதை மூன்று தடவை படித்தாயிற்று. வேறு வழியில்லாமல் பையிலிருந்த எட்டுப் புராஜெக்டில் மேலாக இருந்ததை எடுத்து விரித்தாள்.

அட்டை விஷயத்தில் சிவகாசியை யாரும் குறை சொல்ல முடியாது. மெரூன் ரெக்சின், அதில் தங்க எழுத்து: 'எம். புதுப்பட்டி வட்டாரப் பட்டாசுத் தொழிலாளர்களின் வாழ்நிலை: ஓர் ஆய்வு'. எழுதியவள் இசைவாணி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை. சுகிர்தா பதினான்காம் பக்கத்தைத் திறந்தாள்.

'தைத்து முடித்த பட்டாசுகளை இருமுறை துவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, அட்டைப் பெட்டிகளில் அடுக்குகின்றனர்.'

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தாள். இஸ்திரிதான். அடுத்த பக்கத்தில், 'கை வைத்த பட்டாசுக்கு மழைக்காலத்திலும், கை இல்லாத பட்டாசுக்குக் கோடையிலும் தேவை மிகுதி' என்று இருந்தது. அதற்கும் கீழே, 'குழந்தைகளின் மேனியை உறுத்தாத மென்மையான பட்டாசுகளையே தாய்மார்கள் விரும்பி வாங்குகின்றனர்.'

பிறகு கேட்கவா வேண்டும். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எவனோ ஒரு திருப்பூர்க்காரன் பனியன் தொழிலாளர்களைப் பற்றி மாங்கு மாங்கென்று எழுதியிருக்கிறான். இங்கே யாரோ ஒரு புண்ணியவான் 'பனியன்' வருகிற இடமெல்லாம் 'பட்டாசு' போடச் சொல்லிக் கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்திருக்கிறான். கம்ப்யூட்டரும் மறு பேச்சில்லாமல் போட்டுவிட்டது. சுகிர்தா அடுத்ததை எடுத்தாள். சிவகாசி அச்சகங்களைப் பற்றியது. 'நல்ல தீவனமும் காற்றோட்டமும் இருந்தால் ஒரு அச்சகம் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும்.' அது நாமக்கல் கோழிப்பண்ணை.

ரயில் நகர்ந்தது, கேட்டைத் தூக்கினார்கள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. இசைவாணியின் அம்மா பட்டாசு கம்பெனியில் சக்கரம் சுற்றுகிறவர், தீபாவளிக்குத் தரையில் விடும் சக்கரத்தைக் கையால் சுருட்டிச் செய்கிறவர். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பட்டாசை இஸ்திரி போட மாட்டார்கள் என்று தெரியாதா? தெரியும். அப்படியானால் அவள் தன் புராஜெக்டை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை. டீச்சரும் வாசிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த இரண்டாவது நினைப்புதான் சுகிர்தாவைச் சுட்டது. ஒன்பது வருடத்தில் எத்தனை இஸ்திரி போட்ட பட்டாசுக்குச் சான்றளித்தோமோ என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் ராஜபாண்டியனிடம் சொன்னாள்.

"கையெழுத்தப் போட்டு விடுங்க மேடம்," என்றார் அவர். "வெளியூர்ல இருந்து வைவாவுக்கு வர்றவரு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நாப்பது புராஜெக்ட் பாக்கணும். அட்டையத்தான் பாப்பாரு. நம்ம அட்டை நல்ல அட்டை."

"நான் உள்ளயும் பாத்துட்டேனே சார்."

"அதுதான் தப்பு," என்று சொல்லி அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

எட்டுப் பேரையும் கூப்பிட்டு விசாரித்தாள். எட்டுப் பேரும் ஒரே கடையைச் சொன்னார்கள். சிவகாசி பஸ் ஸ்டாண்டு பின்னால், கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கும் ஜெயபாண்டியின் டி.டி.பி. கடை. சாயங்காலம் நேரே அங்கே போனாள், அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகத்தோடு. ஜெயபாண்டி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ரோஸ் மில்க் சொல்லிவிட்டான். திருடன் மாதிரி முழிப்பான் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு அது பாதி வேகத்தைக் குறைத்துவிட்டது.

"இதுல என்ன மேடம் இருக்கு?" என்று அவன் உண்மையாகவே கேட்டான். சுவரில் மாட்டியிருந்த காலண்டர்களைக் காட்டினான். "இந்தா பாருங்க, எல்லாத்துலயும் ஒரே முருகன். கீழ கடைப் பேருதான் வேற. ஜவுளிக்கடைக்காரரு இது என் முருகன்ங்கிறாரு, நகைக்கடைக்காரரு என் முருகன்ங்கிறாரு. யாரும் சண்டைக்கு வந்தாகளா? நம்ம ஊர்த் தொழிலே அதுதான. டிசைன் ரெடியா இருக்கும், பேரு மட்டும் மாத்தித் தருவோம். புராஜெக்டும் அப்படித்தான் மேடம்."

சுகிர்தா காலண்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்ப்பது அதைத்தானே. அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குவதும் அதே முருகன்தான், கீழே கணவனின் மண்டிப் பெயரோடு.

"முருகன் சரி தம்பி. அச்சகம் முட்டை போடுறது?" என்றாள்.

ஜெயபாண்டி வாங்கி வாசித்துப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது. "ஆத்தி, இது புரூஃப் பாக்காம போயிருச்சு," என்றான். அவனைப் பொறுத்தவரை குற்றம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் வகுப்பில் சுகிர்தா தீர்ப்பைச் சொன்னாள். "எட்டுக்கும் கையெழுத்து இல்ல. பன்னெண்டு நாள்ல இனிப் பத்துதான் இருக்கு. சொந்தமா எழுதிக் கொண்டாங்க. அட்டை வேண்டாம், கையில எழுதித் தச்சுக் குடுத்தாலும் போதும்." இரண்டு பேர் அழுதார்கள். ஒருவன் தன் மாமா கவுன்சிலர் என்றான். "மாமாவையே எழுதச் சொல்லு, ஆனா அவரு பேருல குடு," என்று சொல்லிவிட்டாள். இசைவாணி நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

அதற்கு மறுநாள் மத்தியானம் துறை வாசலில் இசைவாணியும் அவள் அம்மா முருகம்மாளும் நின்றார்கள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, கம்பெனிச் சேலையோடே வந்திருந்தார் முருகம்மாள். உள்ளே வந்த வேகத்தில் குனிந்து காலைத் தொடப் போனார். சுகிர்தா பதறி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"கால்ல எல்லாம் விழாதீக. உக்காருங்க மொதல்ல."

முருகம்மாள் உட்காரவில்லை. "டீச்சர், இவ பாஸானா ஜூன்ல மதுரையில பி.எட். சேத்துருவோம். எங்கண்ணன் எல்லாம் பேசி வச்சிருக்காரு. இல்லாட்டி ஒரு வருசம் சும்மா இருக்கணுமாம்ல. சும்மா இருக்கிற பொம்பளப் பிள்ளைய எங்க ஊர்ல யாரும் விட்டு வைக்க மாட்டாக. காலையில கம்பெனி வேன் வந்து வாசல்ல நிக்கும். ஒரு நா ஏறுனா அம்புட்டுத்தான், நான் ஏறுனது இருவத்தாறு வருசத்துக்கு முன்னால. இவ கால் அந்த வேன் படியில படக்கூடாது. நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

சுகிர்தாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகாமல் என்ன செய்யும்? பேனா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டால் அந்த இஸ்திரிப்பெட்டி ஆயுசுக்கும் தன்னை விடாது என்றும் தோன்றியது. பேனாவைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

"அப்படி என்னதான் தப்பா எழுதிட்டா? வாசிங்க, கேக்குறேன்," என்றார் முருகம்மாள்.

புராஜெக்டின் பின்னால் முப்பது தொழிலாளர்களிடம் கேட்டதாக ஒரு கேள்விப்பட்டியல் இருந்தது. அதுவும் திருப்பூர்ச் சரக்குதான். கேலி செய்கிற நினைப்பில்லாமல், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், சுகிர்தா அதை வாசித்தாள். "நீங்கள் தயாரிக்கும் பட்டாசின் அளவு என்ன? சிறியதா, நடுத்தரமா, பெரியதா?"

இசைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். முருகம்மாளோ இது நல்ல கேள்வி என்பதுபோல உட்கார்ந்துவிட்டார்.

"அது ஆர்டரப் பொறுத்து டீச்சர். பாக்குறவுக பெரிய சக்கரம் சுத்துறதுதான் கஷ்டம்னு நினைப்பாக. சின்னதுதான் கஷ்டம். விரல் நுழையாது, நகம் தேஞ்சு போகும்."

சுகிர்தா அடுத்ததைப் பார்த்தாள். வாசிக்கத் தயக்கமாக இருந்தது. "பட்டாசு உடலை உறுத்துகிறதா?"

"உறுத்தாம? முழங்கை வரைக்கும் அரிக்கும். காலையில தேங்காண்ணெய் தடவிட்டுப் போவோம். சாயங்காலம் வந்து இவ அப்பாவுக்குச் சோறு போடுறதுக்கு முன்னால கையத்தான் ஊற வைப்பேன்."

"துவைத்தால் சாயம் போகிறதா?"

"எங்க போகுது டீச்சர். எந்தச் சோப்புப் போட்டாலும் மருந்துல கலக்குற அந்தச் சில்வர் பொடி சேலைய விட்டுப் போகாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஓரமா உக்காந்துக்கிடுவேன். நடுவுல உக்காந்தா லைட்டுல மினுங்கும், எல்லாரும் பாப்பாக."

"அதுக்காம்மா நீ எப்பவும் பந்தல் ஓரத்துல உக்காருவ?" என்றாள் இசைவாணி. அறைக்குள் வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "எனக்கு நீ சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட?" என்றார் முருகம்மாள், கோபமில்லாமல்.

சுகிர்தாவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடமாகப் பொருளியல் நடத்துகிறாள், தினமும் அந்த வேன்கள் அவள் பஸ்ஸை முந்திக்கொண்டு போகின்றன, அவளுக்கும் இதில் ஒன்றும் தெரியாது. மேஜையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்து இசைவாணியின் முன்னால் தள்ளினாள்.

"அம்மா சொல்றத எழுது. அவுக சொன்ன மாதிரியே எழுது."

இரண்டு மணி நேரம் ஓடியது. திருப்பூர்க் கேள்விகள் தீர்ந்த பிறகு இசைவாணியே கேட்க ஆரம்பித்தாள். வெடிமருந்து அறையில் ஏன் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, உள்ளே போகும்போது செப்புத் தகட்டை ஏன் தொட வேண்டும், மழைநாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். முருகம்மாளைக் கேள்வி கேட்டு இதுவரை யாரும் தாளில் எழுதியதில்லை. போகப் போக அவருக்குக் குரலே மாறி, 'அந்த வரிய வாசி, பாப்போம்' என்று மகளை அதட்டத் தொடங்கிவிட்டார். கடைசிக் கேள்வி, இந்தத் தொழில் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது.

"பிடிக்காது," என்றார் உடனே. "எழுதிக்கோ. கொஞ்சங்கூடப் பிடிக்காதுன்னு போடு."

மறுநாள் சாயங்காலம் முதல் இசைவாணி வேன் திரும்பும் நேரத்துக்கு வேப்பமரத்தடியில் நோட்டோடு நின்றாள். ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் என்று கணக்கு. எழுதியதைத் தினமும் சுகிர்தாவிடம் கொடுப்பாள், சுகிர்தா பஸ்ஸில் வாசிப்பாள். ஒரு நாள் ஒரு பத்தி மட்டும் வழுவழுவென்று இருந்தது. "இது எந்தப் பேப்பர்ல இருந்து எடுத்தது?" என்று கேட்டாள். இசைவாணி நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் பத்தியை அடித்துவிட்டாள். மற்ற ஏழு பேரில் ஆறு பேர் தட்டுத்தடுமாறி எழுதிவிட்டார்கள். கவுன்சிலர் மருமகன் மட்டும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான். அச்சகம் முட்டையிடுவதை நிறுத்தியது.

இசைவாணியுடையது நாற்பத்திரண்டு பக்கம், ஊசி நூலால் தைத்தது. வைவாவுக்கு முதல் நாள் சுகிர்தா அதை முழுக்க வாசித்து, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அச்சடித்த சான்று வரியையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளித்தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர். ராஜபாண்டியன் சொன்னதுபோல மளமளவென்று அட்டைகளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், அட்டையில்லாத ஒன்று கைக்கு வந்ததும் நின்றுவிட்டார். புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து உரக்க வாசித்தார். "'மழை நாளில் பயமில்லை. வேலை இருக்காது. மழை விட்ட மறுநாள்தான் பயம். சீசன் நெருங்கினால் காயாத சரக்கை அவசரப்படுத்துவார்கள்.'"

கண்ணாடிக்கு மேலாக இசைவாணியைப் பார்த்தார். "முப்பது வருசமா புராஜெக்ட் பாக்குறேம்மா. இது பி.ஏ. பிள்ளை எழுதுற வரி இல்ல. எந்தப் புத்தகம்? உண்மையைச் சொல்லு."

"நான் எழுதல சார்," என்றாள் இசைவாணி.

ராஜபாண்டியன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா சொன்னது. பின்னால துணைநூல் பட்டியல்ல முதல் பேரு அவுகதான்."

அவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். 'முருகம்மாள், சக்கரம் சுற்றுபவர், இருபத்தாறு ஆண்டுகள், எம். புதுப்பட்டி' என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் இருபத்தொன்பது பெயர்கள். புத்தகம் என்று பார்த்தால் மூன்றுதான். அவர் அதை நிதானமாகக் கடைசி வரை வாசித்தார். பிறகு பேனாவைத் திறந்து மதிப்பெண்ணைப் போட்டு, தாளை ராஜபாண்டியன் பக்கம் நகர்த்தினார். துறைத்தலைவரின் தலைவலி முகம் அன்றைக்குச் சற்று நேரம் காணாமல் போயிருந்தது.

முருகம்மாள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு லீவு, நல்ல சேலை. பாஸ் என்று தெரிந்ததும் மகளின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். சுகிர்தா கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். தன் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தார். இசைவாணி கேன்டீனுக்கு டீ வாங்கப் போனாள். அவள் வளைவு திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முருகம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அதுல ஒண்ணு மட்டும் நான் பொய்யாச் சொல்லிட்டேன். மாத்த முடியுமா?"

"எதை?"

"வேலை பிடிக்கலைன்னு சொன்னேன்ல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிடிக்கும் டீச்சர். கஷ்டந்தான், அரிக்கும், பயந்தான். ஆனா நான் சுத்துன சக்கரம் ஒண்ணுகூட நொண்டாது, நின்னு சுத்தும். தீவாளிக்கு யாரு வாசல்ல சுத்துனாலும் என்னது எதுன்னு எனக்குத் தெரியும். இவ முன்னால அதச் சொன்னா, அம்மாவுக்குப் பிடிக்கிறது நமக்கும் பிடிக்கும்னு இவளும் வேன்ல ஏறிருவா. அதான் கேட்டவுடனே அப்படிப் போடச் சொல்லிட்டேன்."

எண்பத்தேழு சதவீதம் பேருக்குத் தொழில் பிடிக்கவில்லை என்பதுதான் இசைவாணியின் முடிவுரை. அதில் எத்தனை பேருக்கு வீட்டில் ஒரு மகள் இருக்கிறாளோ என்று சுகிர்தா நினைத்தாள். இந்தத் தடவை சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"மாத்த வேண்டாம்," என்றாள். "மார்க் போட்டாச்சு."

"அவகிட்டச் சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேன்."

தூரத்தில் இசைவாணி மூன்று டீயைத் தட்டில் வைத்துச் சிந்தாமல் நடந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள்போல வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.